இளையோரை வளர்த்த சட்ட ஸ்தாபனம்



சட்டத் தொழிலின் சரித்திரத்தைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்களின் சரித்திரத்தையே பேசிவிட்டுப் போவது வழக்கம். நாவன்மையால் நீதிமன்றத்தைக் கட்டிப்போட்டவர், குறுக்கு விசாரணையில் சிங்கமென்று பெயரெடுத்தவர், ஒரே வாதத்தால் ஒரு சட்டத்தையே செல்லாக்காசாக்கியவர் என்று அவர்களுடைய கீர்த்தியைச் சொல்லக் கேட்பதில் நமக்கெல்லாம் ஓர் ஆனந்தம் உண்டு. ஆனால் அத்தகைய மேதை ஒருவர் கண்மூடிய சில நாட்களுக்குள் அவருடைய கட்சிக்காரர்கள் தத்தம் வழக்குக் கட்டுகளை எடுத்துக்கொண்டு வேறு வாசல் தேடிப் போய்விடுகிறார்கள்; நாற்பது வருஷம் அவர் திரட்டிய அனுபவ ஞானம் அவருடனேயே போய்விடுகிறது. இந்த நஷ்டத்தைத் தடுக்க வழியுண்டா என்ற கேள்விக்கு விடை தேடும்போது, தனிமனிதர்களை விட்டு ஒரு ஸ்தாபனத்தின் சரித்திரத்தை ஆராய்வது நமக்குப் பிரயோஜனப்படும் என்று கருதியே, நியூயார்க் நகரத்தில் கிராவத், ஸ்வெய்ன் அண்டு மூர் என்ற பெயரில் நடந்துவரும் சட்ட ஸ்தாபனத்தை இன்றைய சொற்பொழிவுக்கு விஷயமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த ஸ்தாபனம் தன் பிறப்பு ஆண்டாக 1819-ஐக் குறிப்பிடுகிறது. இருநூறு வருஷங்களுக்குள் பெயர் பலமுறை மாறியிருக்கிறது. இன்றுள்ள பெயர் 1944-ஆம் ஆண்டில் வந்தது. ரயில்வே, எஃகு, மின்சாரம், கம்ப்யூட்டர் என்று அமெரிக்கச் செல்வம் எந்தத் துறையில் பெருகியதோ அந்தத் துறையின் கட்சிக்காரர்கள் அதன் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். அதன் பலம் அந்தக் கட்சிக்காரர்களின் பணபலத்திலிருந்து வந்தது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அதே காலத்தில் அதே நகரத்தில் அவ்வளவு பெரிய கட்சிக்காரர்களை வைத்திருந்த எத்தனையோ அலுவலகங்கள் பெயர்ப் பலகையும் மிஞ்சாமல் போயிருக்க, இது மட்டும் நிலைத்ததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? அது, வந்து சேர்ந்த இளைஞனை எப்படி வளர்ப்பது என்பதிலும், வந்த கட்சிக்காரரை யாருடையவராகக் கருதுவது என்பதிலும் அந்த வீட்டார் கொண்டிருந்த பிடிவாதமே என்பது என் அபிப்பிராயம்.

ஆதி நாட்களில் இந்தப் பிடிவாதம் எதுவும் இல்லை. அன்று ஸ்தாபனத்தைத் தாங்கியது மனிதர்களின் நாணயமே. ஸ்தாபகர் ரிச்சர்டு பிளாட்ச்ஃபோர்டு எத்தகைய நம்பிக்கைக்குப் பாத்திரமாயிருந்தார் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1861-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டபோது, அரசாங்க உத்தியோகஸ்தர்களில் யார் விசுவாசி, யார் துரோகி என்று தெரியாத நிலையில், ஜனாதிபதி லிங்கன் 20 லட்சம் டாலர் அரசாங்கப் பணத்தை எந்த ஜாமீனும் வாங்காமல் நியூயார்க் பிரமுகர்கள் மூவரிடம் ஒப்படைத்து, நாட்டின் பாதுகாப்புக்குச் செலவிடச் சொன்னார். அந்த மூவரில் ஒருவர் பிளாட்ச்ஃபோர்டு.

அவருடைய மகன் சாமுவேல் பிளாட்ச்ஃபோர்டு தொழில் நடத்தியது, நியூயார்க் மாகாணத்தின் கவர்னராயிருந்து விலகி ஆபர்ன் என்ற சிற்றூரில் வக்கீல் தொழிலுக்குத் திரும்பிய வில்லியம் சூவர்டோடு. பிற்காலத்தில் லிங்கனின் வெளிவிவகார மந்திரியாகி, 1867-இல் ருஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கிய சூவர்டு அவரே. ஆனால் வக்கீல்களாகிய நாம் அவரை நினைக்க வேண்டியது அலாஸ்காவுக்காக அன்று. வில்லியம் ஃபிரீமன் என்ற ஓர் ஏழைக் கறுப்பு இளைஞனுக்காக.

தான் செய்யவில்லை என்று மன்றாடிய ஒரு குதிரைத் திருட்டுக்காக ஃபிரீமன் ஐந்து வருஷம் ஆபர்ன் சிறையில் கிடந்தான். அங்கே தலையில் விழுந்த அடியால் செவி போயிற்று, புத்தியும் கலங்கிற்று. வெளியே வந்தவன் 1846 மார்ச்சு மாதத்தில் ஒரு குடியானவர் வீட்டுக்குள் புகுந்து நான்கு பேரைக் கொன்றுவிட்டான். கர்ப்பிணி ஒருத்தியும் ஒரு குழந்தையும் அதில் அடக்கம். ஊரே கொதித்தெழுந்து, விசாரணையே வேண்டாம், ஆளை எங்களிடம் விடுங்கள் என்று கூவியது. இவனுக்கு யார் வாதாடுவார் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, தம் அரசியல் வாழ்வே பாழாகும் என்று நண்பர்கள் எச்சரித்திருந்தும், எழுந்து நின்றவர் சூவர்டு. ஒரு காசு கூலி இல்லை. சித்தம் பேதலித்தவனைத் தூக்கிலிடுவது நீதியாகாது என்று அவர் செய்த வாதத்தை ஜூரிகள் ஏற்கவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் விசாரணைக்கு முன்பே, 1847-இல், ஃபிரீமன் சிறையிலேயே இறந்துபோனான். பிரேதத்தைச் சோதித்தபோது மூளை நோயுற்றிருந்தது தெரியவந்தது. கம்பெனிகளின் வழக்குகளால் பெயர்பெற்ற ஒரு ஸ்தாபனத்தின் பூர்வ சரித்திரத்தில் இப்படி ஓர் அத்தியாயம் இருப்பதை, அதன் பிந்திய வெற்றிகள் எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிக்கிறேன்.

சாமுவேல் பிளாட்ச்ஃபோர்டு 1854-இல் நியூயார்க்கில் சூவர்டின் சகோதரர் மகனோடு சேர்ந்து தொழில் நடத்தி, பிறகு நீதிபதியாகி, 1882-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே உயர்ந்தார். 1895-இல் இவ்வலுவலகத்தைச் சேர்ந்த வில்லியம் கத்ரி, வருமான வரிச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று வாதாடி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1913-இல் சாசனத்தையே திருத்திய பிறகுதான் அந்த நாட்டில் வருமான வரி மீண்டும் நிலைகொண்டது. வக்கீலின் திறமைக்கு அது பெரிய அத்தாட்சி. தேசத்துக்கு அது நன்மை செய்தது என்று என்னால் சொல்ல முடியாது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன்.

பால் கிராவத் 1861-இல் ஓஹாயோ மாகாணத்தில் பிறந்தவர். தந்தை ஒரு பாதிரியார், அடிமைத்தனத்தை எதிர்த்தவர், விடுதலை பெற்ற கறுப்பு மக்களின் கல்விக்காக நாஷ்வில் நகரத்தில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவர், அதன் முதல் தலைவர். மகன் கொலம்பியா சட்டக் கல்லூரியில் 1886-இல் தேறி, வால்டர் கார்ட்டர் என்ற நியூயார்க் வக்கீலிடம் சேர்ந்தார். இந்தக் கார்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போகக் கூடாது. சொந்தக்காரர் பிள்ளையையும் கட்சிக்காரர் மருமகனையும் எழுத்து வேலைக்கு வைத்துக்கொள்வதே நியமமாக இருந்த காலத்தில், சட்டக் கல்லூரிகளில் முதன்மையாகத் தேறிய இளைஞர்களைத் தேடிப் பிடித்துத் தம்மிடம் சேர்த்துக்கொண்ட புண்ணியவான் அவர். 1888-இல் அவருடைய அலுவலகத்தின் பெயர் கார்ட்டர், ஹியூஸ் அண்டு கிராவத். நடுவிலுள்ள ஹியூஸ் கார்ட்டரின் மருமகன், பிற்காலத்தில் அமெரிக்காவின் பிரதம நீதிபதி. ஆளைப் பொறுக்கும் கண் கார்ட்டருக்கு எப்படி வாய்த்திருந்தது பாருங்கள்!

அந்தக் காலத்திலேயே ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தம் மின்விளக்கு வழக்குகளை இருபத்தேழு வயதுக் கிராவத்திடம் ஒப்படைத்தார். எதிரி சாமானியரல்லர்; தாமஸ் எடிசன். விளக்கின் காப்புரிமை எடிசனுடையதே என்று 1891-இல் தீர்ப்பாகி, 1892-இல் மேல்முறையீட்டிலும் உறுதியாயிற்று. வழக்கில் தோற்றது வெஸ்டிங்ஹவுஸ் பக்கமே. ஆனால் தோற்ற நாளில் அந்தக் காப்புரிமைக்கு மிஞ்சியிருந்த ஆயுள் இரண்டே வருஷம். அதற்குள் வேறு மாதிரி விளக்கொன்றைச் செய்து 1893-இல் சிகாகோ உலகப் பொருட்காட்சி முழுவதையும் வெஸ்டிங்ஹவுஸ் ஒளிமயமாக்கிவிட்டார். இத்தகைய வழக்கு பல ஊர்களில், பல நீதிமன்றங்களில், ஒரே காலத்தில் நடக்கும்போது, ஒரு வக்கீலும் அவருடைய இரண்டு குமாஸ்தாக்களும் அதைத் தாங்க முடியாது என்பது அந்த இளைஞருக்குப் பிரத்தியட்சமாகியிருக்க வேண்டும்.

1899-இல் அவர் பழைய பிளாட்ச்ஃபோர்டு வழிவந்த அலுவலகத்தில் கூட்டாளியாகச் சேர்ந்து, பிற்பாடு அதன் தலைவராகி, ஓர் ஏற்பாட்டைப் படிப்படியாக உருவாக்கினார். அமெரிக்கப் பெரிய சட்ட ஸ்தாபனங்கள் அனைத்தும் ஏதாவது ஓர் அளவில் பின்பற்றிய அதைக் கிராவத் முறை என்றே இன்றும் சொல்லுகிறார்கள். அதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

அதுவரை இளைஞர்கள் வக்கீல் அலுவலகத்தில் சம்பளமில்லாமல் இருந்தார்கள். ஒரு மூலையில் மேஜை கிடைக்கும், சீனியரின் நூலகம் கிடைக்கும், மற்றபடி தம் சொந்தக் கட்சிக்காரரைத் தாமே பிடித்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் ஜூனியர்கள் பலருக்கு இந்த நிலைமையை விவரிக்கத் தேவையில்லை. கிராவத் இதை மாற்றினார். சிறந்த சட்டக் கல்லூரிகளில் முதல் வரிசையில் தேறியவர்களை, வேறெங்கும் தொழில் பழகி வழக்கங்கள் படிவதற்கு முன்பே எடுத்துக்கொள்வது. முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடுப்பது. அதற்குப் பதிலாக அவர்களுடைய முழு உழைப்பையும் கேட்பது, சொந்தமாக வேறு வழக்கு நடத்த அனுமதிக்காதிருப்பது என்று ஏற்பாடாயிற்று.

வந்தவனைப் பழக்கிய விதம் இதனினும் முக்கியமானது. பெரிய ரயில்வே கம்பெனி ஒன்று கடனில் மூழ்கி, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் மறுசீரமைப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1925-இல் சிகாகோ, மில்வாக்கி அண்டு செயின்ட் பால் ரயில்வே இவ்வாறு வந்தபோது, அதில் முன்னின்று உழைத்தவர் இந்த ஸ்தாபனத்தின் ராபர்ட் ஸ்வெய்ன். பல மாகாணங்களில் ஓடும் தண்டவாளம். வெவ்வேறு காலங்களில் எழுதப்பட்ட அடமானப் பத்திரங்கள். ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஆயிரக்கணக்கான கடன்காரர்கள். எல்லாருக்கும் நானே முந்தியவன் என்ற வாதம். சீனியர் இந்த மலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிப்பதை ஜூனியர் அருகிருந்து பார்க்கிறான். பிறகு அவன் கையில் ஒரே ஒரு பத்திரம் வருகிறது. இந்த அடமானம் எந்தக் கிளைப் பாதையைக் கட்டுப்படுத்துகிறது, பின்னால் வாங்கிய எஞ்சின்களும் இதில் அடங்குமா, வட்டி தவறினால் எத்தனை நாளில் என்ன செய்யலாம் என்று அதை வரிவரியாகப் படித்து, விடையை எழுதிக்கொண்டு வர வேண்டும். சீனியர் அதை வாசித்து, இந்த வாக்கியத்துக்கு ஆதாரம் எங்கே, இந்த விதிவிலக்கை ஏன் விட்டாய் என்று கேட்டுத் திருப்பியனுப்புகிறார். அவன் மீண்டும் எழுதுகிறான். ஒரு சிறு பகுதியில் ஐயமற்ற தேர்ச்சி வந்த பின்னரே சற்றுப் பெரிய பகுதி. ஒரு கூட்டாளியிடம் சில காலம் இப்படிப் பழகியவனை அங்கேயே நிறுத்திவைக்காமல் இன்னொருவரிடம் அனுப்பினார்கள். ஒருவருடைய குணமும் குறையும் மட்டும் அவனிடம் படிந்துவிடக் கூடாது என்பதும், அவனுடைய தகுதியைப் பலரும் அறிந்திருக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்கள். அந்த ரயில்வே காலத்தில் அங்கே இருந்த இளைஞர்களில் ஒருவர் வில்லியம் டக்ளஸ். 1939-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, 36 ஆண்டுகள், அந்த நீதிமன்றத்தின் சரித்திரத்திலேயே மிக நீண்ட காலம், வீற்றிருந்தவர்.

ஆண்டுகள் சில கழிந்ததும் அந்த இளைஞன் ஒன்று கூட்டாளியாக உயர வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். பெரும்பாலோர் வெளியேறினார்கள். இது கொடுமை என்று தோன்றலாம். இதில் கொடுமை இருக்கத்தான் செய்கிறது. இளமையின் மிகச் சிறந்த ஆண்டுகளை இரவு பகல் பாராமல் கொடுத்தவன் கதவு மூடியிருப்பதைக் காணும் வேதனை லேசானதல்ல. அவனை வெறுங்கையோடு அனுப்பாமல், கட்சிக்காரர் கம்பெனியிலோ, வேறோர் அலுவலகத்திலோ, பல்கலைக்கழகத்திலோ தகுந்த இடம் தேடிக் கொடுப்பதை ஸ்தாபனம் தன் கடமையாகக் கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே பழகியவன் என்ற சொல்லே மற்ற இடங்களில் அவனுக்கு நற்சாட்சிப் பத்திரமாயிற்று.

இந்த முறையின் மற்றொரு பாதி, கூட்டாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. கட்சிக்காரர் எவரும் தனியொரு கூட்டாளிக்குச் சொந்தமில்லை; யார் அழைத்து வந்தாலும் அவர் ஸ்தாபனத்தின் கட்சிக்காரரே. லாபத்தைப் பங்கிடுவது, யார் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தார் என்ற கணக்கைக்கொண்டு அன்று. எத்தனை வருஷம் கூட்டாளியாக இருக்கிறார் என்ற மூப்பைக்கொண்டே. கூட்டுக் குடும்பத்தின் களஞ்சியத்தைப் போல எல்லார் விளைச்சலும் ஒன்றாகவே குவிந்தது. இதன் பலன் என்ன? ஒருவர் தம் கட்சிக்காரரை மற்றவர் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் அற்றுப்போகிறது. இந்த விஷயத்தில் என்னைவிட அவர் கெட்டிக்காரர் என்று ஒரு கூட்டாளி தம் கட்சிக்காரரை மற்றொருவர் அறைக்கு அழைத்துப் போனால், அவருக்குச் சல்லிக்காசு நஷ்டமில்லை. இளைஞனுக்குத் தம் வித்தையையெல்லாம் கற்றுக்கொடுத்தால் நாளை தம் பிழைப்பில் மண் விழுமே என்று அஞ்ச வேண்டியதும் இல்லை. வித்தையை ஒளிக்காமல் கொடுக்கும் மனம் நல்லோரிடம் இயல்பாகவே இருக்கும். அந்த மனம் இல்லாதவரும் கொடுக்கும்படியான ஒரு பொருளாதார ஏற்பாட்டைச் செய்தது கிராவத்தின் தீர்க்கதரிசனம்.

இப்படி வளர்ந்தவர்களுக்கு உதாரணமாக ஜான் மக்கிளாயைச் சொல்வேன். பிலடெல்பியாவில் சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பணக்கார வீட்டுப் பெண்களுக்குச் சிகை அலங்காரம் செய்து தாய் சம்பாதித்த காசில் படித்தவர். 1924-இல் சேர்ந்து, 1929-இல் கூட்டாளியானார். அவர் கைக்கு வந்தது பிளாக் டாம் வழக்கு. 1916 ஜூலை 30 அதிகாலையில் நியூயார்க் துறைமுகத்தில், நேச நாடுகளுக்குப் போகவிருந்த வெடிமருந்துக் குவியல் வெடித்து, மன்ஹாட்டன் வீடுகளின் கண்ணாடிகளெல்லாம் நொறுங்கின. சுதந்திர தேவி சிலைக்கும் சேதம். ஜெர்மன் ஒற்றர்களின் சதி என்று அமெரிக்கக் கம்பெனிகள் சர்வதேசக் கமிஷன் முன் இழப்பீடு கேட்டு, 1930-இல் சாட்சியம் போதாதென்று தோற்றுப்போயின. மக்கிளாய் விடவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாட்சிகளைத் தேடி அலைந்தார். வழக்கின் ஜீவநாடியாக விளங்கிய சாட்சியம் ஒரு மலிவு விலைக் கதைப் பத்திரிகை. 1917 ஜனவரி மாதத்து ‘புளூ புக்’ இதழ். அதன் அச்சடித்த பக்கங்களின் குறுக்கே எலுமிச்சைச் சாற்றால், கண்ணுக்குப் புலப்படாதபடி, ஒற்றர் ஒருவர் எழுதிய கடிதம் இருந்தது. அது மெய்யா, பின்னால் புனைந்ததா என்று காகிதத்தையும் மசியையும் ஆராயும் நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். 1939-இல் ஜெர்மனியே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. பத்திரத்தை வரிவரியாகப் படிக்கப் பழகிய கண்ணும், தோல்விக்குப் பிறகும் ஒன்பது வருஷம் ஒரு வழக்கைச் சுமக்க இடங்கொடுத்த ஸ்தாபனமும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. மக்கிளாய் பின்னர் உலக வங்கியின் தலைவராகவும், போருக்குப் பிந்திய ஜெர்மனியில் அமெரிக்காவின் ஹை கமிஷனராகவும் இருந்தார். போர்க்காலத்தில் யுத்த இலாகாவில் இருந்தபடி ஜப்பானிய வமிசத்து அமெரிக்கர்களைக் குடும்பம் குடும்பமாக முகாம்களில் அடைத்த காரியத்துக்கு அவர் துணைநின்றதையும் மறைக்கலாகாது. தொழில்நுட்பத்தில் ஒருவனை எவ்வளவு பழக்கினாலும் தர்மபுத்தியை அந்தப் பழக்கமே கொடுத்துவிடுவதில்லை.

1935-இல் ஷெக்டர் என்னும் கோழி வியாபாரிகளின் வழக்கில், ரூஸ்வெல்ட்டின் தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் ஒருவர் இந்த அலுவலகத்தின் ஃபிரெடரிக் வுட். ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சட்டம் செல்லாதென்றார்கள். தீர்ப்பை எழுதிய பிரதம நீதிபதி, முன்னே நான் சொன்ன ஹியூஸ். கார்ட்டரின் மருமகன், கிராவத்தின் பழைய கூட்டாளி.

ஏற்பாட்டின் வலிமைக்கு உச்சமான பரீட்சை ஐ.பி.எம். வழக்கு. கம்ப்யூட்டர் வியாபாரத்தில் ஏகபோகம் செலுத்துவதாக 1969 ஜனவரி 17-ஆம் தேதி அமெரிக்க அரசாங்கம் தொடுத்த வழக்கில், விசாரணை 1975-இல் தொடங்கி எழுநூறு நாட்களுக்கு மேல் நடந்தது. சாட்சியப் பதிவு ஒரு லட்சம் பக்கத்தைத் தாண்டிற்று. தாமஸ் பார் தலைமையில் எதிர்வாதம் நடந்த அந்தப் பதின்மூன்று வருஷத்தில் கல்லூரியிலிருந்து நேரே வந்து சேர்ந்த இளைஞர்கள் அதே வழக்கில் நடுவயதை எட்டினார்கள். 1982 ஜனவரி 8-ஆம் தேதி வழக்கில் சாரமில்லை என்று அரசாங்கமே கைவிட்டது. தனிமனிதர் எவராலும் சுமக்க இயலாத பாரம் அது. அதே சமயம், அத்தகைய பலத்தை விலை கொடுத்து வாங்கக்கூடியவர் யார் என்ற கேள்வியும் எழுகிறது. ஃபிரீமனைப் போன்றவனுக்குப் பதின்மூன்று வருஷம் யார் வாதாடுவார்?

கதவு யாருக்குத் திறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தகுதியே பிரமாணம் என்று சொன்ன வீட்டில், முதல் பெண் கூட்டாளி வந்தது 1971-இல்தான். அவர் கிறிஸ்டின் பெஷார். சட்டக் கல்லூரியில் காலடி வைக்காமல், பழைய வழக்கப்படி வக்கீலிடம் பயின்று பரீட்சை எழுதித் தேறியவர். கல்லூரி வரிசை பார்த்து ஆள் எடுத்த ஸ்தாபனம் அவருடைய திறமைக்கு முன் அந்த விதியைத் தளர்த்தியது. வேலை செய்யும் தாய்மார்களுக்காக அலுவலகத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவர் 1989-இல் இடம் ஏற்படுத்தினார். கறுப்பினத்தவர் ஒருவர் கூட்டாளியாக இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. கிராவத்தின் தந்தை ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தை எழுப்பியவர். கிராவத்தும் அதன் நிர்வாகத்தில் பங்கு கொண்டவர். அப்படியிருந்தும் ரோவன் வில்சன் அந்த ஸ்தாபனத்தின் முதல் கறுப்பினக் கூட்டாளியானது 1992-இல். 2023-இல் அவர் நியூயார்க் மாகாணத்தின் தலைமை நீதிபதியானார். இத்தகையோரை எத்தனை தலைமுறை இழந்திருக்கிறோம் என்று அந்த வீட்டார் துக்கப்பட வேண்டும்.

இன்று ஆயிரக்கணக்கான வக்கீல்களைக் கொண்டு கண்டங்கள்தோறும் கிளை பரப்பிய ஸ்தாபனங்கள் இருக்கின்றன. அவற்றோடு எண்ணிக்கையில் இது போட்டியிடவில்லை. நியூயார்க், லண்டன், அண்மையில் வாஷிங்டன் என்று மிகச் சில ஊர்களோடு நின்றுகொண்டது. ஆனால் மூப்பின்படி மட்டுமே பங்கு என்ற விதி, அதிகப் பணம் கொடுத்துக் கூட்டாளிகளை இழுத்துக்கொள்ளும் ஸ்தாபனங்கள் பெருகிய காலத்தில், பெரும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 2021 டிசம்பரில் அந்த விதியைத் தளர்த்தி, தனிப்பட்ட உழைப்புக்கும் ஓரளவு இடம் கொடுப்பதாக அவர்கள் அறிவித்தார்கள். எனக்கு அந்தச் செய்தி வருத்தம் தந்தது. சம்பளக் கணக்கில் ஏற்பட்ட சிறு மாறுதல் என்று அதை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. தம் கட்சிக்காரரை அடுத்த அறைக்கு அழைத்துப் போகும் கூட்டாளியும், தம் வித்தை முழுவதையும் ஜூனியருக்குக் கொடுக்கும் சீனியரும் நின்றிருந்தது அந்த விதியின் மேல்தான். கூட்டாளிகளைப் பெரும்பாலும் தம்மிடம் வளர்ந்தவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை இன்னும் அவர்கள் கைவிடவில்லை. இவ்விரண்டில் ஒன்று தளர்ந்தபின் மற்றொன்று எத்தனை காலம் தாங்கும் என்பதை, இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்கள் தங்கள் காலத்திலேயே பார்ப்பார்கள்.